ஒரே வாளித் தண்ணீர், இருவேறு செடிகள்: சேலத்து மாடியில் எலுமிச்சையும் ஆந்தூரியமும்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறோம். போன மே மாதம் ஏற்காடு மலர்க் கண்காட்சிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஒட்டு எலுமிச்சை ஒன்றும் சிவப்பு ஆந்தூரியம் இரண்டும் வாங்கி வந்தோம். மூன்றும் மொட்டைமாடியில் இருக்கின்றன. மூன்றுக்கும் செம்மண்ணும் தொழு உரமும் கலந்த ஒரே கலவை. தினமும் காலையில் போர்வெல் தண்ணீர் ஒரு குவளை ஊற்றுகிறோம். மாதம் ஒருமுறை மண்புழு உரமும் கொஞ்சம் எப்சம் உப்பும் போடுகிறோம். எலுமிச்சையில் புதிய இலைகள் மஞ்சளாகின்றன, பூ கொட்டுகிறது. ஆந்தூரியத்தில் இலை நுனி கருகுகிறது. வாங்கியபோது இருந்த பூக்களுக்குப் பிறகு ஒன்றும் பூக்கவில்லை. என்ன உரம் போடலாம்? வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள். இந்தச் செடிகளால் அவளுக்கு ஆபத்து உண்டா?

பதில்: இப்போதைக்கு எந்த உரமும் வேண்டாம். எப்சம் உப்பை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் செடிகள் பட்டினியால் வாடுவதாகத் தெரியவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் முதலில் தண்ணீரின் பக்கமும், அடுத்து மண்ணின் பக்கமும், மூன்றாவதாக இடத்தின் பக்கமும் கை காட்டுகின்றன. ஒரே போர்வெல் தண்ணீர் எலுமிச்சையை ஒரு விதமாகவும் ஆந்தூரியத்தை வேறு விதமாகவும் கெடுத்துக்கொண்டிருக்கிறது. அது எப்படி என்று புரிந்துவிட்டால், மற்றவற்றை நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.

இரண்டும் எங்கிருந்து வந்தவை என்பதிலிருந்து தொடங்குகிறேன். எலுமிச்சை நம் கறிவேப்பிலை, வில்வம், விளாமரம் ஆகியவற்றின் உறவு. எலுமிச்சை இனத்தின் தாயகம் வடகிழக்கு இந்தியாவும் தென்கிழக்கு ஆசியாவும். தரையில் வேர்விட்டு, முழு வெயிலை வாங்கி, மழைக்கும் வறட்சிக்கும் மாறி மாறிப் பழகிய மரம். நம் சமவெளிக் கொல்லைகளில் அது நன்றாக வருவதற்குக் காரணம் இதுதான். ஆந்தூரியம் கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் ஆண்டீஸ் மலைச்சரிவில் உள்ள மழைக்காட்டுச் செடி. 1876-இல் எதுவார் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொலம்பியாவில் அதைக் கண்டெடுத்தார். அதன் தாவரப் பெயரில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. சேம்பும் சேனையும் அதற்குச் சொந்தக்காரர்கள்தான். ஆனால் சேம்பு சேற்றில் நிற்கும், ஆந்தூரியம் நிற்காது. காட்டில் அது பெரும்பாலும் மரக்கிளைகளிலும் பாசி படிந்த பட்டைகளிலும் தொற்றி வாழும். அங்கே மழை அடிக்கடி பெய்யும். பெய்த நீர் வேரைத் தொட்டுவிட்டு உடனே வடிந்துவிடும். பிறகு வேரைச் சுற்றி ஈரக் காற்று மட்டும் இருக்கும்.

எனவே செம்மண் கலவையில் ஆந்தூரியத்தை வைத்ததுதான் முதலில் திருத்த வேண்டியது. அதன் வேர்கள் சதைப்பற்றானவை; காற்றில் நீண்டு ஈரத்தை உறிஞ்சப் பழகியவை. செம்மண் ஓரிரு மாதத்தில் இறுகிப்போகும். இறுகிய மண்ணில் தினமும் தண்ணீர் ஊற்றினால் வேருக்கு மூச்சு முட்டும், அழுகும். செடியை மெதுவாகத் தட்டிக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக, விறைப்பாக இருக்கும் வேர் நல்ல வேர். பழுப்பாக, அழுத்தினால் தோல் கழன்று உள்ளே நார் மட்டும் மிஞ்சும் வேர் செத்த வேர். செத்ததை வெட்டி எறியுங்கள்.

புதிய கலவையில் மண்ணே வேண்டாம். தேங்காய் மட்டையை விரல்கடை அளவு துண்டுகளாக நறுக்கி, ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றிவிட்டு எடுங்கள். மட்டையில் உள்ள உப்பும் துவர்ப்பும் கழிய வேண்டும் என்பதற்காகத்தான் ஊறவைப்பது. அதில் பாதி அளவுக்கு மரக்கரித் துண்டும், உடைந்த ஓட்டுத் துண்டு அல்லது செங்கல் சல்லியும் சேர்த்தால் போதும். தொட்டி பெரிதாக வேண்டியதில்லை. அடியிலும் பக்கவாட்டிலும் ஓட்டைகள் இருந்தால் நல்லது. செடியின் குருத்தைப் புதைத்துவிடாதீர்கள். வளர வளர அடி இலைகள் பழுத்து விழும், தண்டு உயரும், அந்தத் தண்டிலிருந்து புதிய வேர் எட்டிப் பார்க்கும். அந்த வேர்கள் மறையும் அளவுக்கு மட்டைத் துண்டுகளை மேலே போட்டுக்கொண்டே வர வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டை மக்கித் தூளாகிவிடும், அப்போது மாற்றிவிடுங்கள். இப்படிப்பட்ட கலவையில் கோடையில் தினமும் தண்ணீர் ஊற்றினாலும் தவறில்லை, ஊற்றியதெல்லாம் வடிந்துவிடும். ஆந்தூரியத்துக்குத் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் நடந்திருப்பது காற்று குறைந்துபோனதுதான்.

எலுமிச்சைக்கும் வேர் மூச்சு வாங்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதன் உணவு வாங்கும் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்பவை, வேர்த்தூவிகள் மிகக் குறைவு. மண்ணில் வாழும் நல்ல பூஞ்சைகளின் துணையோடுதான் அது உணவைத் திரட்டுகிறது. தண்ணீர் தேங்கினால் அந்த மெல்லிய வேர்கள்தாம் முதலில் சாகும். அடித்தண்டில் பிசின் கசியும் நோயும் அங்கிருந்துதான் தொடங்கும். செம்மண்ணும் தொழு உரமும் எலுமிச்சைக்குப் பொருந்தும். கூடவே மூன்றில் ஒரு பங்கு ஆற்று மணலோ நொறுங்கிய செங்கலோ சேருங்கள், வடிகால் கிடைக்கும். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தெரிய வேண்டும். அதற்குக் கீழிருந்து பெரிய முள்ளோடு விறுவிறுவென்று எழும் கிளை வேர்ச்செடியினுடையது. பிஞ்சாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். விட்டுவிட்டால் ஒரே ஆண்டில் மேல்கிளையை அமுக்கிவிடும்.

தண்ணீர் ஊற்றும் முறையிலும் இரண்டும் வேறு. எலுமிச்சைக்கு நிறைய ஊற்றி, பிறகு காயவிட வேண்டும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் தொட்டியின் அடியிலிருந்து நீர் வடியும்வரை ஊற்றுங்கள். கத்திரி வெயிலில் இது தினமும் தேவைப்படலாம். ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் தேவைப்படாமலும் போகலாம். தினம் ஒரு குவளை என்ற கணக்கு எலுமிச்சைக்கு எந்த மாதத்திலும் சரியில்லை. கோடையில் அந்தக் குவளை மேல்மண்ணை மட்டும் நனைக்கிறது. அதைவிட மோசம், அந்தத் தண்ணீரில் உள்ள உப்பை அடியில் வெளியேற்றாமல் மண்ணிலேயே சேர்த்து வைக்கிறது.

இங்கேதான் உங்கள் போர்வெல்லைப் பற்றிப் பேச வேண்டும். சேலத்தில் காவிரித் தண்ணீர் வரும் வீடுகளிலும் செடிக்கு ஊற்றுவது பெரும்பாலும் போர்வெல் நீர்தான். பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடும், சோப்பு நுரைக்காது, குழாய் வாய் அடைத்துக்கொள்ளும் நீர் அது. சுண்ணாம்புச் சத்தும் பைகார்பனேட்டும் மிகுந்த அந்த நீரைத் தொடர்ந்து ஊற்றினால் தொட்டி மண் காரத்தன்மை (புளிப்புக்கு எதிரான தன்மை) அடையும். கார மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. விளைவு, எலுமிச்சையின் புதிய இலை வெளிர் மஞ்சளாகவும், நரம்பு மட்டும் மெல்லிய பச்சை வலையாகவும் வரும். நீங்கள் எழுதியிருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும். பழைய இலைகள் பச்சையாக இருந்து புதியவை மட்டும் மஞ்சளானால் சந்தேகமே வேண்டாம். உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது இட்லிப்பூச் செடி இருந்தால் போய்ப் பாருங்கள். காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த அதுவும் புளிப்பு மண்ணை, அதாவது அமிலத்தன்மையுள்ள மண்ணை, விரும்புவது. சேலத்தில் பல வீட்டு வாசலில் அதே மஞ்சளோடுதான் நிற்கிறது.

ஆந்தூரியத்தை அதே தண்ணீர் வேறு வழியில் தாக்குகிறது. அதன் இலை வழியாக நீர் ஆவியாகும்போது, நீரோடு வந்த உப்பு இலை நுனியில் தங்கிவிடும். நாளடைவில் நுனி பழுப்பாகிக் கருகி, கருகல் ஓரமாக இறங்கும். மாடியில் காற்று வறண்டிருப்பதால் ஆவியாவதும் அதிகம், உப்புச் சேர்வதும் அதிகம். இதைப் பார்த்துச் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போட்டால் உப்பு மேலும் கூடும்.

எப்சம் உப்பை நிறுத்தச் சொன்னதற்கும் இந்த ஊரே காரணம். எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். சேலத்தில் கருப்பூர், மாமாங்கம் பக்கம் பரந்து கிடப்பது மேக்னசைட், அதாவது நாம் சொல்லும் வெள்ளைக்கல் பூமி. மெக்னீசியம் நிறைந்த அந்தப் பாறைகளை ஒட்டிய நிலத்தடி நீரில் மெக்னீசியம் ஏற்கெனவே கூடுதலாக இருக்கும். மேலும் மேலும் மெக்னீசியம் சேர்ந்தால் பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் வேர் எடுப்பது குறையும். வேறு ஊரில், மழை மிகுந்த புளிப்பு மண்ணில் வளரும் மரத்துக்குச் சொன்ன மருந்தை இந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. மெக்னீசியம் உண்மையிலேயே குறைந்தால் அது பழைய இலையில் தெரியும்: இலையின் அடியில் தலைகீழ் ‘வி’ வடிவில் பச்சை மிஞ்சி, மற்ற பாகம் மஞ்சளாகும். உங்கள் செடியில் அப்படி இல்லை.

தண்ணீருக்கு என்ன செய்வது? ஆந்தூரியத்துக்கு மழைநீர்தான் சரி. இரண்டு செடிகளுக்கும் சேர்த்து வெயில் நாளில்கூட அரை லிட்டர், முக்கால் லிட்டர்தான் தேவைப்படும். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை மாடி மழைநீர்க் குழாயின் கீழே வைத்தால், வடகிழக்குப் பருவமழையில் ஒருமுறை நிறைந்தது பல மாதங்களுக்கு வரும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை விட்டுவிட்டுப் பிடியுங்கள். பீப்பாயின் வாயை மெல்லிய வலையால் கட்டாயம் மூடுங்கள்; டெங்குக் கொசு தேங்கிய சுத்தமான நீரிலும் முட்டையிடும். மழைநீர் தீர்ந்தால் காவிரித் தண்ணீரை ஊற்றலாம். குடிநீர் சுத்திகரிப்பு (ஆர்.ஓ.) இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரை எந்தச் செடிக்கும் ஊற்றாதீர்கள். சிக்கனம் என்று நினைத்துப் பலர் இதைச் செய்கிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் செறிந்திருக்கும் நீர் அது.

எலுமிச்சைக்கு அவ்வளவு மழைநீர் சேர்த்து வைக்க முடியாது. அதனால் அதற்கு வேறு வழி. மாதம் ஒருமுறை, தொட்டி கொள்ளும் அளவுபோல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். நல்ல மழை பெய்தால் அந்த வேலையை வானமே செய்துவிடும். இரும்புக் குறைக்கு, வேர் எடுக்கக்கூடிய வடிவில் உள்ள இரும்பு மருந்து நர்சரிகளில் இரும்புச் செலேட் என்று கிடைக்கும். அதில் ஈடிடிஏ வகை நம் கார மண்ணில் சீக்கிரம் பயனற்றுப் போகும். ஈடிடிஎச்ஏ என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்கி, பொட்டலத்தில் சொல்லியிருக்கும் அளவில் வேரில் ஊற்றுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் வேலை செய்வது அதுதான். புதிய இலைகள் சிறுத்து, குறுகி, நரம்புகளுக்கு இடையே திட்டுத்திட்டாக மஞ்சளாக இருந்தால் துத்தநாகமும் குறைகிறது என்று பொருள். எலுமிச்சைக்குத் துத்தநாக சல்பேட் அரை சதவீதக் கரைசலை, அதாவது லிட்டருக்கு 5 கிராம், மார்ச், ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதுத்துளிர் வந்த பிறகு தெளிப்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மாலையில் தெளியுங்கள். மண்ணும் நீரும் எப்படி இருக்கின்றன என்று எண்ணாகவே தெரிந்துகொள்ள விரும்பினால், சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

அடுத்தது இடம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கும் அந்த ஒரு மணி நேரத்தில் செடிக்கு ஏழெட்டு டிகிரி வெப்பம் கூடிவிடுகிறது. அதைவிடப் பெரிய மாற்றம் காற்றில் உள்ள ஈரம். மலையில் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களின் நிழலும், மாலையில் இறங்கும் மூடுபனியும் ஆந்தூரியத்துக்குப் பிறந்த வீட்டை நினைவூட்டக்கூடியவை. அதனால்தான் அங்கே வீட்டுத் திண்ணையில்கூட அது செழிக்கிறது. நீங்கள் வாங்கி வந்தது மே மாதம். மலர்க் கண்காட்சி நடக்கும் அந்த நாட்களில்தான் சேலத்தில் வெயில் நாற்பது டிகிரியை எட்டிப் பிடிக்கும். ஆண்டு முழுவதிலும் மலைச்செடியைக் கீழே இறக்குவதற்கு அதைவிடக் கெட்ட மாதம் கிடையாது. கண்காட்சியைக் கண்ணாரப் பாருங்கள், செடியை ஆகஸ்ட், செப்டம்பரில் போய் வாங்குங்கள்.

ஆந்தூரியத்துக்கு நேர் வெயில் கூடாது. முக்கால் பங்கு நிழல் வேண்டும். 75 சதவீத நிழல்வலை என்று கடைகளில் கிடைப்பது அதற்குப் பொருந்தும். ஆனால் மொட்டைமாடியில் நிழல்வலை கட்டினாலும் தளத்திலிருந்து எழும் அனல் விடாது. எனவே அதை மாடியிலிருந்து கீழே கொண்டுவந்துவிடுங்கள். கிழக்கு பார்த்த வராந்தா, தண்ணீர்த் தொட்டியின் ஓரம், சப்போட்டா அல்லது மாமரத்தின் அடி, இவற்றில் எது உங்கள் வீட்டில் இருந்தாலும் போதும். காலை ஏழு, எட்டு மணி வரை சாய்வாக வரும் வெயில் பட்டால் பட்டுப்போகட்டும். நிழல் நல்லது என்று வீட்டின் உள்மூலையில் வைத்தாலும் பூக்காது. புத்தகம் படிக்க விளக்குத் தேவைப்படாத வெளிச்சம் பகல் முழுவதும் வேண்டும். பெரணிகளோடு சேர்த்துக் கூட்டமாக வையுங்கள், கீழே கூழாங்கல் பரப்பிய தட்டில் நீர் விட்டு அதன்மேல் தொட்டியை நிறுத்துங்கள். தொட்டியின் அடி நீரைத் தொடக் கூடாது. ஏசி அறை வேண்டவே வேண்டாம்.

எலுமிச்சை மாடியிலேயே இருக்கட்டும். குறைந்தது ஆறு மணி நேர நேர் வெயில் இல்லாவிட்டால் அது வளரும், காய்க்காது. ஆனால் கோடையில் சிமெண்டுத் தளத்தின் சூடு தொட்டியின் பக்கவாட்டில் ஏறி வேரை வேகவைக்கும். தொட்டியைச் செங்கல்மீது உயர்த்தி, மேற்குப் பக்கத்தில் நனைத்த சாக்கைச் சுற்றிவிடுங்கள். காய்ந்த இலைகளை மூடாக்காக மண்மேல் பரப்புங்கள், தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண்தரை இருந்தால் நான் சொல்வது ஒன்றே: முக்கால் மீட்டர் நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து அடுத்த ஆடி, ஆவணியில் தரையில் நட்டுவிடுங்கள். தொட்டி எலுமிச்சைக்குப் பத்து ஆண்டு காட்டும் அக்கறையைத் தரை எலுமிச்சைக்கு மூன்று ஆண்டு காட்டினால் போதும்.

பூவைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டும் பூக்கும் விதமே வேறு, அதனால் கத்தரிக்கும் விதமும் வேறு. ஆந்தூரியத்தில் ஓர் இலைக்கு ஒரு பூ. இலையும் பூவும் ஒரே கணுவிலிருந்து வருபவை. சிவப்பாகப் பளபளப்பது உண்மையில் மடல், நடுவில் நிற்கும் காம்பில் புள்ளி புள்ளியாக இருப்பவைதாம் பூக்கள். ஆக, புதிய இலை நன்றாக வராமல் புதிய பூ வராது. நுனி கருகிய இலையையெல்லாம் அழகுக்காக வெட்டிவிட்டால் செடியின் பூக்கும் வலிமையையும் வெட்டிவிடுகிறீர்கள். செடிக்கு நான்கு இலையாவது எப்போதும் இருக்கட்டும்; முழுக்க மஞ்சளானதை மட்டும் நீக்குங்கள். வாடிய பூவை அடியோடு வெட்டுங்கள். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டால் துடைப்பது நல்லது, ஏனென்றால் ஆந்தூரியத்தைக் கொல்லும் பாக்டீரியா கருகல் நோய் கத்தி வழியாகவும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்.

எலுமிச்சை புதுத்துளிரில் பூக்கிறது. துளிர் கூட்டமாக வருவதற்குச் செடிக்குச் சிறிது காய்ச்சல், அதாவது தண்ணீர் குறைந்த வறட்சி, வேண்டும். மார்கழிக் கடைசியில் பத்து நாள் தண்ணீரைக் குறைத்து, மதிய வெயிலில் இலை லேசாகச் சுருளும்வரை விட்டு, பிறகு உரமிட்டு நன்றாக ஊற்றினால் தை, மாசியில் பூ பிடிக்கும். காய் பறித்த பிறகு காய்ந்த குச்சிகள், உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று உரசும் கிளைகள், நேராக மேலே சீறும் நீர்ப்போத்துகள் ஆகியவற்றை நீக்குங்கள். பூ கொட்டுவதற்காக மனம் தளர வேண்டாம். எலுமிச்சைக் குடும்பத்தில் நூறு பூவில் ஐந்து காயாக நின்றாலே நல்ல விளைச்சல். காய்பிடிக்கும் நாட்களில் ஒருநாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று இருந்தால்தான் அந்த ஐந்தும் போய்விடும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் எலுமிச்சைக்குப் பக்கத்திலேயே கமலா ஆரஞ்சுக் கன்றும் விற்பார்கள். அதைச் சேலத்துக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். ஆரஞ்சுத் தோல் நிறம் மாறுவதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும், அது மலையில் கிடைக்கும், இங்கே கிடைக்காது. தப்பிப் பிழைத்துக் காய்த்தாலும் பச்சையாகவே நிற்கும். மலையிலேயே அந்த மரங்களைப் பச்சைமாக்கல் (சிட்ரஸ் கிரீனிங்) நோய் வாட்டுகிறது. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களுக்குள் நிற்கும் பழைய ஆரஞ்சு மரங்களைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. அந்த நோய்க்கு மருந்தில்லை. இலையின் நடு நரம்புக்கு இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாமல், ஒழுங்கற்ற திட்டுகளாக மஞ்சள் படர்ந்தால் அது சத்துக் குறையாக இருக்க வாய்ப்பு குறைவு. இரும்புக்கும் துத்தநாகத்துக்கும் செய்ய வேண்டியதைச் செய்து, அடுத்த இரண்டு துளிர்களும் அப்படியே வந்தால், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். பக்கத்து வீட்டு எலுமிச்சைக்கு அதுவே பாதுகாப்பு.

உரம் எப்போது? ஒரு புதிய துளிர் பச்சையாக வந்த பிறகு. எலுமிச்சைக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரமும், ஒரு கைப்பிடி கடலைப் பிண்ணாக்கும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, தொட்டி ஓரமாகக் கிளறிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். அது நன்றாகத் தின்னும் மரம். ஆந்தூரியத்துக்குத் தொழு உரமோ பிண்ணாக்கோ கூடாது. மட்டைக்கு இடையில் அது அடைத்துக்கொண்டு நாறும், காற்றை மறைக்கும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் போகாமல் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். அதையும் மழைநீரில் கரையுங்கள்.

பூச்சிகளில் எலுமிச்சைக்கு வருபவை அதிகம், பயப்பட வேண்டியவை குறைவு. இலையில் வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து போனால் இலைத்துளைப்பான். அந்த இலைகளைப் பறிக்காதீர்கள், கோடு விழுந்த இலையும் உணவு தயாரிக்கும். அடுத்த துளிர் வரும்போது வேப்பெண்ணெய் ஐந்து மில்லியைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு ஒரு லிட்டர் நீரில் கலந்து தெளியுங்கள். பறவை எச்சம்போலத் தோன்றிப் பிறகு பச்சையாகும் புழு எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியினுடையது. உங்கள் வீட்டில் பெரிய கறிவேப்பிலை மரம் இருந்தால், புழுவைக் கொல்லாமல் எடுத்து அதில் விட்டுவிடுங்கள். அதையும் தின்னும், மரம் தாங்கும், உங்கள் பேத்தி பட்டாம்பூச்சி பார்ப்பாள். உண்மையில் கவனிக்க வேண்டியது துளிரில் ஒட்டும் சைலிட் என்ற சிறு பூச்சியைத்தான். பச்சைமாக்கல் நோயைப் பரப்புவது அது. கறிவேப்பிலையிலும் பெருகும் என்பதால் அங்கேயும் பாருங்கள்.

மழைக்காலத்தில் இலையிலும் காயிலும் கார்க்குப் போன்ற சொறி வந்தால், லிட்டருக்கு மூன்று கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளிக்கச் சொல்வார்கள். எலுமிச்சைக்கு அது சரி. ஆனால் தாமிர மருந்து ஆந்தூரியத்துக்கு ஆகாது, இலை கருகும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் காற்றில் சிதறும் சாரலே போதும், கெடுத்துவிடும். மாடியும் கீழ்த்தளமுமாகப் பிரித்து வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஆந்தூரியத்துக்கு வருவது பெரும்பாலும் மாவுப்பூச்சியும், காற்று வறண்டால் சிலந்திப்பேனும். ஈரத் துணியால் இலையின் இரு பக்கமும் வாரம் ஒருமுறை துடைத்தாலே இரண்டும் அடங்கும்.

கருகிய நுனி பச்சையாக மாறாது; மஞ்சளான பழைய இலையும் முழுதாகத் தேறாது. குணமாகிறதா என்பதை இனி வரும் இலையில்தான் பார்க்க வேண்டும். எலுமிச்சையில் அது ஒன்றிரண்டு மாதத்தில் தெரியும். ஆந்தூரியம் மெதுவான செடி, வேர் பிடித்து முதல் நல்ல இலை விரியவே இரண்டு மூன்று மாதமாகும், பூ அதற்கும் பிறகு. அதுவரை தொட்டியை இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

பேத்தியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆந்தூரியத்தின் இலை, தண்டு, பூ எல்லாவற்றிலும் சேனையிலும் சேம்பிலும் இருப்பதுபோல ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். அப்படி நேர்ந்தால் வாயைத் துடைத்து, குளிர்ந்த நீரோ பாலோ கொடுங்கள். வீக்கம் அதிகமானாலோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். செடியை அவள் கைக்கு எட்டாத திண்ணை மேடையிலோ, தொங்கும் கூடையிலோ வையுங்கள். தொங்கும் கூடையில் காற்றோட்டம் கிடைப்பதால் செடிக்கும் அது பிடிக்கும். வெட்டும்போது நீங்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாறு பட்டால் சிலருக்கு அரிக்கும். எலுமிச்சையில் முள்தான் கவலை. குழந்தையின் உயரத்துக்குக் கீழே இருக்கும் முட்களை நகவெட்டியால் நுனி மட்டும் நறுக்கிவிடலாம், மரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.